நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்

நமது பாஷையில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் எடுத்து எண்ணும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நடத்தையும் நாணயம். ‘அவர் நாணயஸ்தர்’ என்று ஒருவரைக் குறிப்பிடும்போது, அவர் பெட்டியில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்பதை நாம் சொல்வதில்லை. வாங்கியதைத் திருப்பித் தருபவர் என்பதையே சொல்கிறோம். சென்னை மாகாணத்தில் கிராமக் கடன் சங்கங்கள் தோன்றிய காலத்தில் அவற்றிற்கு ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்னும் பெயர் வழங்கிற்று. இப்பெயரில் இரு பொருளும் அடங்கியிருப்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

தர்மபுரி ஜில்லாவிலுள்ள சங்கங்களின் அங்கத்தினர்கள் வருஷந்தோறும் பயிர்க்கடன் வாங்குகிறார்கள். நகையை ஈடு வைக்கிறார்கள். தவணைப் பணம் செலுத்தி ரசீது பெறுகிறார்கள். ஆயினும் பணம் என்னும் இவ்வஸ்து யாது, அதற்கு மதிப்பு எங்கிருந்து வந்தது, நாம் விளைவிக்கும் கேழ்வரகுக்கும் புளிக்கும் தக்காளிக்கும் மதிப்பை நிர்ணயிப்பவர் யார் என்னும் கேள்விகளை நின்று யோசிக்க அவகாசம் கிடைப்பதில்லை. இவற்றை அறியாதிருப்பதனால் குடியானவனுக்கு நஷ்டம் உண்டு. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துக் கூறுவோம்.

பண்டமாற்றும் கைமாற்றும்

பணம் உண்டான வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த விதம் பலருக்கும் நினைவிருக்கும். ஆதியில் ஜனங்கள் பண்டமாற்றுச் செய்தார்கள்; குயவர் பானையைக் கொடுத்து உழவரிடம் தானியம் பெற்றார்; உழவருக்குப் பானை வேண்டாத நாளில் குயவர் பட்டினி கிடந்தார்; இச்சங்கடத்தை நீக்கவே காசு கண்டுபிடிக்கப்பட்டது என்பது அக்கதை. 1776-ஆம் வருஷத்தில் ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து தேசத்துப் பொருளாதார ஆசிரியரும் ஏறக்குறைய இவ்விதமே எழுதினார்.

பிற்கால ஆராய்ச்சியோ வேறு விதமாகச் சொல்கிறது. கைக்குக் கை மாற்றும் பண்டமாற்றினாலேயே ஜீவித்த ஒரு சமூகத்துக்கும் சான்று இல்லை என்று காரலின் ஹம்ஃப்ரி என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் 1985-ல் எழுதினார். பண்டமாற்று இல்லாமற் போகவில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத ஊராருக்கிடையே நடந்தது. கடற்கரையிலிருந்து உமணர் உப்பு வண்டிகளை ஓட்டிவந்து, உள்நாட்டில் உப்பைக் கொடுத்து நெல் பெற்ற செய்தி சங்க நூல்களில் காணப்படுகிறது. இன்று வந்து நாளை போகும் வண்டிக்காரருடன் கடன் வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே பண்டத்துக்குப் பண்டம் உடனே மாற வேண்டியதாயிற்று.

ஒரே ஊரில் வசிப்பவர்கள் அவ்விதம் செய்யவில்லை. அவர்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். குயவர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோர் வருஷமெல்லாம் வேலை செய்து, அறுவடையின்போது களத்தில் ‘மேரை’ என்னும் பங்கைப் பெற்றார்கள். ஆடியில் செய்த கலப்பைக்குத் தையில் தானியம் கிடைக்கும் என்பதில் தச்சருக்குச் சந்தேகம் இல்லை. இம்முறையில் பெரும் குறையும் இருந்தது. பங்கின் அளவை நிர்ணயித்தவர் நிலமுடையவரே. உழைத்தவர் சாதியால் தாழ்த்தப்பட்டவராயின் கேட்டுப் பெறும் பலம் அவருக்கு இல்லை. ஆயினும் காசு இல்லாமலேயே கடனும் கணக்கும் நடந்தன என்பது இதனால் விளங்கும்.

கலியாண வீடுகளில் எழுதும் மொய் இதற்குச் சிறந்த உதாரணம். இன்னார் இவ்வளவு செய்தார் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறோம். அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்கிறோம். இதற்குப் பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, கோர்ட்டு இல்லை. ஊரார் முன் மானம் போகும் என்னும் அச்சமும், உறவு நிலைக்க வேண்டும் என்னும் ஆசையுமே இதற்கு ஈடு. அவசரத்துக்கு வாங்கும் கைமாற்றும் இத்தகையதே.

உலகத்தின் மிகப் பழைய கணக்குகளும் இதையே காட்டுகின்றன. இன்றைய இராக் தேசத்தில் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட கடன் கணக்குகள் கிடைத்துள்ளன. அவற்றில் வாற்கோதுமையின் அளவும் வெள்ளியின் எடையும் கொண்டு கடன் குறிக்கப்பட்டது. முத்திரையிட்ட காசு உலகில் தோன்றியதோ அதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்குப் பின்னர். ஆகவே முதலில் தோன்றியது வாக்குறுதி. காசு அதற்குப் பின் வந்த அடையாளம்.

மாடே செல்வம்

வாக்குறுதியை அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எந்தப் பொருளை அனைவரும் விரும்புவார்களோ அதுவே அளவுகோலாயிற்று. பழந்தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள். ரோமாபுரியாரின் லத்தீன் பாஷையிலும் பணத்தைக் குறிக்கும் சொல் கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது.

இதற்குரிய சாட்சியம் நமது ஜில்லாவிலேயே கல்லில் நிற்கிறது. தர்மபுரிக்குப் பழம்பெயர் தகடூர். அதியமான் மரபினர் ஆண்ட ஊர். இச்சுற்றுப்புறத்தில் அனேக நடுகற்கள் அகப்பட்டு, அவற்றிற் பல தர்மபுரியில் உள்ள சர்க்கார் அகழ்வைப்பகத்தில் காப்பாற்றப்படுகின்றன. ஆநிரையைக் கவரச் சென்றும், கவர்ந்து சென்றவரிடமிருந்து மீட்கப் போராடியும் இறந்த வீரர்களுக்காக நடப்பட்ட கற்கள் அவற்றில் மிகுதி. மாட்டுக்காக மனிதர் உயிர் கொடுத்தனர் எனில், அக்காலத்துச் சமூகம் எதைச் செல்வம் என்று நிர்ணயித்திருந்தது என்பது வெளிப்படை.

ஆனால் மாட்டைப் பாதியாக வெட்டிச் சில்லறை கொடுக்க முடியாது; அதற்குத் தீனி வேண்டும்; அது நோய் கண்டு இறக்கும். தானியத்தை அளந்து கொடுக்கலாம். ஆனால் அதில் வண்டு விழும். மாலத்தீவுச் சோழிகள் வங்காளத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நெடுங்காலம் சில்லறையாகப் புழங்கின. பொன்னும் வெள்ளியும் செம்பும் கெடாதவை, பிரிக்கத்தக்கவை, சிறிய அளவில் பெரிய மதிப்பைத் தாங்குபவை. ஆகையால் வெகுதூர வியாபாரத்துக்கு உலோகமே உகந்ததாயிற்று.

முதலில் உலோகத்தை நிறுத்தே கொடுத்தார்கள். குன்றிமணி இரண்டு கொண்டது ஒரு மஞ்சாடி. மஞ்சாடி இருபது கொண்டது ஒரு கழஞ்சு. வயல் வரப்பில் விளையும் விதைகளே பொன்னுக்கு எடைக்கற்களாயின. ஒவ்வொரு முறையும் நிறுத்து உரைத்துப் பார்ப்பது சிரமமாகையால், எடையும் மாற்றும் சரி என்று காட்ட முத்திரை குத்தினார்கள். இன்றைய துருக்கி தேசத்தைச் சேர்ந்த லிடியா ராஜ்யத்தில் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் தோன்றியது. வட இந்தியாவிலும் வெள்ளி முத்திரைக் காசுகள் அதன்பின் அதிக காலம் செல்லாமல் உண்டாயின. ரோமாபுரியார் மிளகு முதலியவற்றிற்குக் கொடுத்த பொன், வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூர், கரூர்ப் பக்கங்களில் இன்றும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்து வருகின்றன. நமது ‘காசு’ என்னும் சொல்லே போர்ச்சுகீசியர் வாயிலாக ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் சொல்லோடு கலந்தது.

காசு வந்த பின்னும் கடன் கணக்கு நீங்கவில்லை. தஞ்சையில் முதலாம் ராஜராஜ சோழன் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பார்த்தால், கோயில் பண்டாரத்துப் பணத்தைக் கிராம சபையார் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்த உடன்பட்ட செய்தி காணப்படுகிறது. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. தனி மனிதருக்கன்றிச் சபைக்குக் கடன் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரின் கூட்டான வாக்கே அங்கு ஈடாக நின்றது.

கண்ணாற் காணாத வராகன்

மைசூர் ராஜ்யத்தைக் கண்டீரவ நரசராஜ உடையார் 1638 முதல் 1659 வரை ஆண்டார். அவர் பெயரால் வழங்கிய சிறு பொற்காசுக்குக் கண்டீராயிப் பணம் என்று பெயர். பத்துப் பணம் சேர்ந்தது ஒரு கண்டீராயி வராகன் என்று கணக்கு எழுதினார்கள். ஆச்சரியம் யாதெனில், அந்தக் கண்டீராயி வராகன் என்னும் காசு தனியாக அடிக்கப்படவேயில்லை. அது ஏட்டில் மாத்திரம் இருந்த நாணயம். ஆயினும் அப்பெயராலேயே வரியும் கடனும் கணக்கிடப்பட்டன. எவரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை.

பசிபிக் மகா சமுத்திரத்தில் யாப் என்னும் தீவு ஒன்று உண்டு. அங்குள்ளவர்கள் வேறு தீவிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பெரிய வட்டக் கற்களைச் செல்வமாக மதித்தார்கள். அவ்வாறு கொண்டுவரும் வழியில் ஒரு கல் கடலில் மூழ்கிவிட்டது. ஆயினும் அக்கல் இன்னாருடையது என்று ஊரார் அனைவரும் ஒப்புக்கொண்டமையால், கடலடியில் கிடந்த கல்லுக்கும் மதிப்புக் குறையவில்லை. இதைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. சங்கத்தில் நாம் வைத்திருக்கும் பங்குத்தொகையும் டெபாசிட்டும் அதே நோட்டுகளாகப் பெட்டியில் கிடப்பதில்லை. பேரேட்டில் எழுதப்பட்டு, மற்றோர் அங்கத்தினரின் வயலில் உரமாகவும் விதையாகவும் இருக்கிறது. கணக்குச் சரியாக உள்ளவரையில் அது நம்முடைய பணமே.

கிஸ்தியும் ரொக்கமும்

காசு நமது ஜில்லாவின் ஒவ்வொரு வீட்டிலும் புகுந்தமைக்கு முக்கிய காரணம் வரியாகும். தர்மபுரி ஜில்லா 1965 அக்டோபர் 2-ந் தேதி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பு இப்பிரதேசத்துக்குப் பாராமகால் என்று பெயர். 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இதைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அப்போது இங்கு அதிகாரியாக வந்த காப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக 1799 வரை இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவர் ஒவ்வொருவர் மீதும் நேரே வரி விதித்தார்கள். பிற்காலத்தில் சென்னை ராஜதானியின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறை இங்கே உருவானதே.

முன்னரும் ரொக்கவரி இல்லாமலில்லை. ஆனால் இப்போது நிலத்துக்கு நிலம் இவ்வளவு என்று ரொக்கத்தில் நிர்ணயிக்கப்பட்டது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கிஸ்தித் தேதி வந்துவிடும். கம்பும் கேழ்வரகும் விளைவித்தவர் அவற்றை உடனே விற்றுக் காசாக்க வேண்டியவரானார். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்றால் விலை தாழும்; தாழ்ந்த விலைக்கு விற்றவர் விதைப்புக் காலத்தில் கடன் வாங்குவார்; அக்கடனுக்காக அடுத்த விளைவையும் சாவுகாரிடம் ஒப்படைப்பார். ரொக்கத்தின் கட்டாயம் இவ்விதம் கடனின் கட்டாயமாக மாறிற்று.

இதிலிருந்து ஒரு பொதுவிதி தெரிகிறது. எந்தக் காசைச் சர்க்கார் வரிக்கு ஏற்றுக்கொள்ளுமோ, அக்காசு வரி கட்டவேண்டிய யாவருக்கும் தேவைப்படும். ஆகவே கடைக்காரரும் கூலிக்காரரும் அதை ஏற்பார்கள். பணத்தின் மதிப்புக்கு ஊராரின் ஒப்புதல் ஒரு கால். சர்க்காரின் ஏற்பு மற்றொரு கால்.

வெள்ளி போயிற்று, ரூபாய் நின்றது

சென்னையில் முற்காலத்தில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று கணக்கு. 1818-ல் வெள்ளி ரூபாய் இம்மாகாணத்துக்கு நிலையான நாணயமாக்கப்பட்டது. 1835-ல் கும்பினி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் ஏற்பட்டது. அந்த ரூபாய் ஒரு தோலா எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-ல் யுத்தகாலத்தில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-ல் ரூபாய் நிக்கலில் அடிக்கப்பட்டது. அதில் வெள்ளி ஒரு குன்றிமணியும் இல்லை. ஆயினும் ரூபாய் ரூபாயாகவே நின்றது. மதிப்பு வெள்ளியில் மாத்திரம் இருந்திருக்குமாயின் இது நடந்திராது.

1861-ல் சர்க்கார் காகித நோட்டுச் சட்டம் இயற்றிற்று. 1935 ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கிய ரிசர்வ் பாங்கி பின்னர் நோட்டு வெளியிடும் பொறுப்பை ஏற்றது. நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பார்த்தால், இத்தொகையைத் தருவதாக ரிசர்வ் பாங்கி கவர்னர் உறுதி கூறிக் கையெழுத்திட்டிருப்பதைக் காணலாம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பொன் தரமாட்டார்கள். வேறு நோட்டும் சில்லறையுமே தருவார்கள். ஆகவே நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. பொதுவான பிராமிசரி நோட்டு என்று சொன்னாலும் பொருந்தும்.

வாக்குறுதியில் நம்பிக்கை குலைந்தால் நேர்வது என்ன? 1330-ஆம் வருஷத்தையொட்டி டில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக், செம்பு, பித்தளைக் காசுகளை வெள்ளிக் காசுக்குச் சமமாக வழங்கும்படி ஆணையிட்டார். கள்ளக்காசைத் தடுக்க வகை செய்யவில்லை. வீடுதோறும் காசு அடிக்கத் தலைப்பட்டார்கள். வியாபாரிகள் அதை ஏற்க மறுத்தார்கள். சில வருஷங்களில் சுல்தான் அக்காசுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பண்டாரத்திலிருந்து நல்ல நாணயம் கொடுக்க நேர்ந்தது. ஜெர்மனியில் 1923-ல் சர்க்கார் தன் செலவுக்காக அளவின்றி நோட்டு அடித்தது. அவ்வருஷம் நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்கு கொடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாம் சேமித்தவர்களின் பணம் ஒரு ரொட்டிக்கும் ஆகாமற் போயிற்று.

நமது தேசத்தில் 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 86 பங்கு அவையே. நவம்பர் 14 முதல் ஜில்லா மத்திய கூட்டுறவு பாங்கிகள் பழைய நோட்டுகளை மாற்றவும் டெபாசிட்டாக வாங்கவும் கூடாதென்று ரிசர்வ் பாங்கி தடுத்தது. கிராமச் சங்கங்கள் அந்தப் பாங்கிகளையே நம்பியிருப்பவை. ஆகவே சங்கத்தில் மாத்திரம் கணக்கு வைத்திருந்த குடியானவர்கள் மிக்க சிரமப்பட்டார்கள். நேற்று வரை பணமாக இருந்த காகிதம் இன்று வெறும் காகிதமானதை அனைவரும் பிரத்தியக்ஷமாகக் கண்டோம். அந்நாட்களில் கிராமங்களில் காரியம் நடத்த உதவியவை கைமாற்றும் கடைப்பற்றும். காசுக்கு முன்னிருந்த பழைய நாணயமே, காசு நின்ற போது கைகொடுத்தது.

பொருளுக்கு மதிப்பு வைப்பவர் யார்?

இனி நாம் விளைவிக்கும் பொருள்களைக் கவனிப்போம். தண்ணீர் இன்றி ஒருவரும் பிழைக்க முடியாது. ஆயினும் மழைக்காலத்தில் அதற்கு விலை இல்லை. வைரம் இன்றி யாவரும் பிழைக்கலாம். ஆயினும் அதன் விலை எட்டாதது. ஆகவே பிரயோஜனம் மாத்திரம் விலையை நிர்ணயிப்பதில்லை. கிடைப்பதன் அருமையும், வேண்டுவோரின் தொகையும், விற்பவர் எவ்வளவு நாள் காத்திருக்க முடியும் என்பதும் சேர்ந்தே விலையாகின்றன.

பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளியை எடுத்துக்கொள்வோம். வரத்து மிகுந்த பருவத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. 2023 ஜூலையில் நாடெங்கும் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. பழம் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. தக்காளி அழுகும் பண்டமாகையால் விற்பவர் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடியாதவரிடம் விலை சொல்லும் அதிகாரம் இல்லை.

புளியோ காத்திருக்கக்கூடியது. மாசி, பங்குனியில் உலுக்கிய புளியை உடைத்துக் கொட்டை நீக்கிப் பதப்படுத்தி, குளிர்பதனக் கிடங்கில் வைத்தவர் விலை ஏறும் சமயத்தை எதிர்பார்க்கலாம். மரத்தடியிலேயே குத்தகைக்கு விட்டுவிட்டவருக்கு அந்த லாபத்தில் பங்கு இல்லை. இவ்விருவருக்கும் உள்ள வித்தியாசம் புளியில் இல்லை. வீட்டுச் செலவுக்கு அன்றைக்கே ரொக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இருக்கிறது.

மூன்றாவது உதாரணம் கேழ்வரகு. நமது ஜில்லாவின் மானாவாரி நிலங்களின் பழைய உணவு இது. அரிசிச் சோறு கௌரவம் என்றும், களி ஏழையின் சாப்பாடு என்றும் ஒரு காலத்தில் எண்ணினார்கள். அவ்வெண்ணத்தினாலேயே சந்தையில் அதற்கு மதிப்புத் தாழ்ந்தது. பின்னர் வைத்தியர்கள் அதன் சத்தை எடுத்துச் சொன்னார்கள்; பட்டணத்தார் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வருஷமே தர்மபுரி, நீலகிரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கிற்று. மத்திய சர்க்கார் கேழ்வரகுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2013-14-ல் குவின்டாலுக்கு 1,500 ரூபாய். 2023-24-ல் 3,846 ரூபாய். பத்து வருஷத்தில் எல்லாப் பண்டங்களும் விலையேறின என்பது மெய்யே. ஆயினும் கேழ்வரகுக்குத் தனியே கிடைத்த மரியாதை சமூகம் மனம் மாறியதனால் உண்டாயிற்று. தானியம் மாறவில்லை, அதைப் பற்றிய ஜனங்களின் தீர்மானமே மாறிற்று.

மதிப்பு என்பது வானத்திலிருந்து விழுவதன்று, மண்ணில் புதைந்து கிடப்பதுமன்று என்று இம்மூன்றினாலும் விளங்குகிறது. ஜனங்கள் சேர்ந்து, தெரிந்தோ தெரியாமலோ, செய்யும் தீர்மானம் அது. அத்தீர்மானத்தில் தனித்து நிற்கும் குடியானவரின் குரல் கேட்காது. சேர்ந்து நிற்பவர்களின் குரல் கேட்கும்.

சங்கம் செய்யும் வேலை

ஜெர்மனி தேசத்துக் கிராமங்களில் பஞ்சத்தையும் வட்டிக்கடனையும் கண்டு வருந்திய ரைஃபைசன் என்பவர் 1860-களில் கிராமக் கடன் சங்கங்களை ஏற்படுத்தினார். ஏழைக் குடியானவர்களிடம் பாங்கிக்கு ஈடு காட்டச் சொத்து இல்லை. ஆனால் யார் உழைப்பாளி, யார் குடிகாரர், யார் வாக்குத் தவறாதவர் என்பது ஊராருக்குத் தெரியும். ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்றால், அந்த அறிவே ஈடாகும் என்று அவர் கண்டார்.

சென்னை மாகாணத்தில் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி இம்முறையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அறிக்கை வெளியிட்டார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே அக்காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் சங்கம் பதிவாயிற்று. நூற்றிருபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் தத்துவம் ஒன்றே: நன்னடத்தையாகிய நாணயத்தை ரொக்கமாகிய நாணயமாக மாற்றிக் கொடுப்பதே கடன் சங்கத்தின் தொழில்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெளியில் ‘மூன்று வட்டி’க்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வீதம், 50,000 ரூபாய் வாங்குபவர் ஒரு வருஷத்தில் 18,000 ரூபாய் வட்டி செலுத்த வேண்டும். சங்கத்துப் பயிர்க்கடனுக்கு நூற்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் 3,500 ரூபாய் ஆகும். தவணைக்குள் செலுத்துபவருக்கு அவ்வட்டியின் பாரத்தையும் தமிழ்நாட்டில் சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே தவணை தவறாமை என்னும் குணத்துக்கு இங்கே ரூபாயிலேயே விலை வைத்திருக்கிறார்கள்.

தவறினால் நேர்வதையும் யோசிக்க வேண்டும். ஒரு சங்கம் 20 பேருக்குத் தலைக்கு 50,000 வீதம் 10 லட்சம் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பேரும் செலுத்தினால் அடுத்த போகத்தில் மறுபடியும் 20 பேர் பயிரிடலாம். 5 பேர் வசதியிருந்தும் செலுத்தாவிட்டால் இரண்டரை லட்சம் முடங்கும். அடுத்த போகத்தில் 15 பேருக்கே பணம். எஞ்சிய ஐவர் மூன்று வட்டிக்காரரிடம் போவார்கள். முன்பு தவறியவர்களும் இப்போது கஷ்டப்படுபவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். சங்கத்தை ஏமாற்றியதாக நினைப்பவர் மெய்யாகவே பக்கத்து வயல்காரரின் விதையை எடுத்துக்கொண்டவராகிறார். மழை பொய்த்துச் செலுத்த இயலாதவரின் நிலைமை வேறு. அவர் தவணைக்கு முன்பே சங்கத்துக்கு எழுதித் தெரிவித்தால், விதிகளுக்குட்பட்டுத் தவணை நீட்டிப்புக்கு வழி தேடலாம்.

நாணயம் அங்கத்தினருக்கு மாத்திரம் உரிய கடமை அன்று. கணக்கைச் சரியாக எழுதுவதும், ரசீது கொடுப்பதும், நகையை உரிய எடைக்கு மதிப்பிடுவதும், கடன் கொடுப்பதில் உறவு பாராதிருப்பதும் சங்கத்தை நடத்துபவர்களின் நாணயம். துக்ளக்கின் செப்புக்காசைக் கெடுத்தது செம்பு அன்று, காவல் இல்லாமையே. காவலற்ற பேரேடும் அதே கதியை அடையும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

முதலாவது, விளைந்த உடனே விற்காமல் இருக்க வழி தேடுக. தானியத்தைக் கிடங்கில் வைத்து அதன் ஈட்டின்மேல் கடன் பெறும் முறை சங்கங்களில் உண்டு. அவசரச் செலவை அக்கடனால் சமாளித்து, விலை வந்த பின் விற்கலாம். காத்திருக்கும் பலத்தை இவ்விதம் சங்கம் கொடுக்கிறது.

இரண்டாவது, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குக. கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கப்பட்டதா என்று பார்க்க, அல்லது படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக்கொண்டு பார்க்கச் செய்க. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புவோருக்கும் இது பொருந்தும். அங்கும் கைமாறுவது கணக்கே.

மூன்றாவது, சிறு தொகையாயினும் சங்கத்தில் டெபாசிட்டு வைக்க. வெளியிலிருந்து வரும் பணத்தை மாத்திரம் நம்பிய சங்கம் பிறர் வாக்கில் நிற்கிறது; சொந்தச் சேமிப்புள்ள சங்கம் தன் காலில் நிற்கிறது.

நான்காவது, பொதுச்சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் வருக. கிடங்குக்குப் பணம் ஒதுக்குவதா, கறவை மாட்டுக் கடனுக்கு முதலிடம் தருவதா, பெண்களின் குழுக்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று கேட்பதும் பேசுவதும் அங்கேதான். எதற்கு மதிப்பு என்பதை ஊரார் கூடித் தீர்மானிக்கும் இடம் அது. வராதவர்களின் சார்பில் மற்றவர்கள் தீர்மானித்துவிடுவார்கள். பின்னர்க் குறை சொல்வதனால் பயன் இல்லை.

மாடு, சோழி, பொன், வெள்ளி, காகிதம், இப்போது கைப்பேசியில் தோன்றும் எண் என்று பணம் எத்தனையோ உருவம் எடுத்துவிட்டது. இனியும் எடுக்கும். எந்த உருவத்திலும் அதைத் தாங்குவது, கொடுத்த வாக்கை மனிதர் காப்பார்கள் என்னும் நம்பிக்கையே. நம்மால் ரிசர்வ் பாங்கியின் நோட்டை அடிக்க முடியாது; ஆனால் நமது சங்கத்தின் நாணயத்தை நாமே உண்டாக்க முடியும். வருகிற தவணை நாளன்று அவ்வேலை நடைபெறும்.